பெயருக்குப் பக்கத்தில் ஒரு மணி

க்ளேமோர், ஐயோவா
28 ஆகஸ்ட் 1979

அன்புள்ள கான்ராட்,

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துவிடுகிறேன். நீ பள்ளிக்கூட வேதியியல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு நெப்ராஸ்காவுக்கு ஃபுட்பால் பயிற்சியாளனாகப் போன செய்தி கேட்டு, நான் மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை என்று உன் சித்தி வெர்னா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படுத்திருந்தது உண்மை. கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. வீங்கிய முகத்தோடு திருப்பலிக்குப் போகும் வழக்கம் எனக்கில்லை. நான் அழுததாகவும் சொல்கிறாளாம். உன் அப்பாவின் அடக்கத்தன்று நான் அழுததைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

கோபம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பதினாறு வருடம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை, கோடையில் விடுமுறை என்று ஒழுங்கான வாழ்க்கையில் உன்னை உட்கார வைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு கல்லூரி உன்னைத் தேடி எடுத்திருக்கிறது என்றால், அதை அரைமனதாகச் செய்யாதே. உன் அப்பா எதையும் அரைமனதாகச் செய்ததில்லை.

இருபத்தெட்டு வருடம் இந்த ஊர்க் கல்லூரிக் கோச்சின் மனைவியாக இருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மற்ற வீடுகளின் மேசையில் மாட்டிறைச்சி இருக்கும், நம் வீட்டு மேசையில் அட்டைகள் இருக்கும். அவர் டீமில் ஒவ்வொரு பையனுக்கும் ஓர் ஆட்டக் குறிப்பு அட்டை. அவர் பென்சிலில் எழுதியதை நான் டைப் அடிப்பேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் அவர் ஒரு சின்ன மணி வரைந்திருப்பார். மணி வாங்கிய ஒவ்வொருவனின் தாய்க்கும் அன்றைக்கே என் கையால் ஒரு கடிதம் எழுதுவேன். "உங்கள் மகன் இந்த வாரம் கூப்பிட்ட குரலுக்குத் தன் கடமையைச் செய்தான். நீங்கள் அவனை நினைத்துப் பெருமைப்படலாம்." அவர் யாரிடமும் சொல்லிக் காட்டாத பாராட்டை நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எந்தக் கோச்சின் மனைவியும் இந்த மாநிலத்தில் அதைச் செய்ததில்லை.

அவருடைய விசிலை இத்துடன் அனுப்புகிறேன். ஊதுவதற்கு முன் கழுவு.

எழுது. மையில் எழுது, பென்சிலில் வேண்டாம்.

உன் அம்மா,
லியோனா கெசனிக்


ஹாரோ, நெப்ராஸ்கா
11 செப்டம்பர்

அன்புள்ள அம்மா,

விசில் வந்தது. கழுவினேன். இன்னும் அப்பாவின் புகையிலை வாசனை போகவில்லை.

என் பதவிக்குப் பெயர் உதவிப் பயிற்சியாளர். செய்வது வேறு. ஜெர்சி துவைக்கிறேன், களத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறேன், ஜிம்முக்குப் பின்னால் ஹெல்மெட் அடுக்கும் அறையில் கட்டில் போட்டுத் தூங்குகிறேன். ஞாயிறு காலையில் நெடுஞ்சாலையில் பாதி வழி போய், அடுத்த வாரம் மோதப்போகும் கல்லூரியின் உதவியாளனைப் பெட்ரோல் பங்க்கில் சந்தித்து, எங்கள் ஆட்டத்தின் ஃபிலிமைக் கொடுத்து அவர்களுடையதை வாங்கி வருகிறேன். இரண்டு பேரும் உளவாளிகள் மாதிரி கை குலுக்கிக்கொள்கிறோம். அவனும் அவன் கல்லூரியில் துணி துவைக்கிறவன்தான். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அம்மா. காலையில் எழுந்ததும் எங்கே இருக்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்படுவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

தலைமைக் கோச் ராய்ஸ் டிபெட்ஸ் முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அலோய்ஷியஸ் கெசனிக்கோட பையனா நீ? உங்கப்பா டீம்கிட்ட மூணு வருஷம் உதை வாங்கினவன்டா நான். இன்னும் முட்டி வலிக்குது. அவர் பழக்கமெல்லாம் உனக்கும் இருக்கும்ல?" என்றார்.

இருக்கிறது. அட்டைகள் என் பொறுப்பு. எவனுக்காவது மணி அடித்தால் அப்பா மாதிரியே பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மணி போடுகிறேன். மார்லின் பெக்ஸ்ட்ரோம் என்று ஒரு பையன், 54ஆம் எண், பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவரும் எதிராளியை ஹெல்மெட் தலையால் முட்டித்தான் நிறுத்துவான். இரண்டு ஆட்டத்தில் இரண்டு மணி. கோச் அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டி "எத்தனை விரல்டா?" என்பார். "ரெண்டு, கோச்." "போ உள்ள." அவர் எப்போதும் இரண்டு விரல்தான் காட்டுவார். பெரிய பையன்கள் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நீங்கள் அம்மாக்களுக்குக் கடிதம் எழுதியதை டிபெட்ஸிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கம்மா பலே கெட்டிக்காரிடா. பையனுக்கு மண்டை கலங்கிருச்சேன்னு அம்மாக்காரி போன் போடறதுக்குள்ள பாராட்டுக் கடிதாசி போய் நிக்குது. அதுக்கப்புறம் எவ சண்டைக்கு வருவா?" இது அப்பாவின் யோசனையாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உங்களுடையது என்று இப்போதுதான் தெரிகிறது.

வீரர்களின் பெயரும் படமும் போட்ட இந்தப் பருவத்தின் ஆட்டப் புத்தகத்தை இத்துடன் வைத்து அனுப்புகிறேன். 14ஆம் பக்கத்தில் மூலையில் நிற்பது நான்தான்.

கான்ராட்


க்ளேமோர்
15 செப்டம்பர் 1979

கான்ராட்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எனக்குப் புரியாத ஒரு வரி அதில் இருக்கிறது. "எவனுக்காவது மணி அடித்தால்" என்று எழுதியிருக்கிறாய். மண்டை கலங்குவதற்கும் மணிக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் பெனிக்னா ஒரு நடத்தைப் புத்தகம் வைத்திருந்தார். விடிகாலையில் முதல் மணிக்கே எழுந்து, இரண்டாவது மணிக்குள் ஜெபக்கூடத்தில் முழந்தாளிடும் பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மணி வரைவார். மணி என்பது ஆண்டவரின் குரல் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எட்டு வருடத்தில் நான் வாங்கிய மணிகளுக்குக் கணக்கில்லை. உன் அப்பாவின் அட்டையில் முதல் மணியைப் பார்த்தபோது நான் விளக்கம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

மணி என்றால் என்ன என்று எனக்கு எழுது. வேடிக்கையாக எழுதாதே.

அம்மா


ஹாரோ
24 செப்டம்பர்

அன்புள்ள அம்மா,

உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தலையில் பலமாக அடிபட்டு, ஒருவன் கொஞ்ச நேரம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று தெரியாமல் போனால் அவனுக்கு மணி அடித்துவிட்டது என்று சொல்வார்கள். காதுக்குள் மணி அடிக்கிற மாதிரி இருக்குமாம். அவ்வளவுதான். அட்டையில் குறித்து வைப்பது எதற்கென்றால், அடுத்த வாரம் அவன் கொஞ்சம் மந்தமாக இருப்பான், ஆட்டத்தைத் திட்டம் போடும்போது தெரிந்திருக்க வேண்டும். பெரிய விஷயமில்லை. யாரும் சாகவில்லை. தயவுசெய்து நிலவறைக்குப் போய் அப்பாவின் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருக்காதீர்கள். படி செங்குத்து, உங்கள் இடுப்புக்கு ஆகாது.

இன்னொன்றையும் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மார்லினுக்கு இப்போது ஐந்து மணி. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "யாரு கோச் ஜெயிச்சது?" என்றான். "நாமதான்டா." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "யாரு கோச் ஜெயிச்சது?" மூன்று தடவை கேட்டான். அப்புறம் என் தொப்பிக்குள் வாந்தி எடுத்தான். மற்ற பையன்கள் கைதட்டினார்கள். அவனும் சிரித்தான்.

டிபெட்ஸிடம் சொன்னேன், இரண்டு வாரம் உட்கார வைக்கலாம் என்று. "நீ வந்து ஆறு வாரம் ஆகுது. நான் வந்து பத்தொன்பது வருஷம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

உங்கள் கடிதங்கள் அந்த அம்மாக்களுக்குச் சந்தோஷம் தந்திருக்கும். அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கான்ராட்


க்ளேமோர்
4 அக்டோபர் 1979

கான்ராட்,

நிலவறைக்குப் போனேன். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லா அட்டைகளையும் எடுத்து மேசையில் பரப்பினேன். ஒரு மணி, இரண்டு மணி உள்ளவர்கள் பலர். 1958ஆம் வருட அட்டைகளில் ஒன்றை எடுத்து இரண்டு முறை எண்ணினேன். டெல்பர்ட் நாஸ்பிஷ். ஓர் இலையுதிர் காலத்தில் ஒன்பது மணி.

டெல்பர்ட்டை உனக்குத் தெரியும். கோவிலில் இடப்பக்கம் கடைசி இருக்கையில் தாயோடு உட்காருகிறவன். நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பும்போது தன் இருக்கை எது என்று தெரியாமல் நடுவழியில் நின்றுவிடுவான், ஒட்டிலியா எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்து வருவாள். வெண்ணெய்த் தொழிற்சாலையில் வேலை போயிற்று, மர ஆலையில் போயிற்று, கட்டிய மனைவி போய்விட்டாள். வயது நாற்பத்தொன்று. அவன் குடிக்கிறான் என்று நான் நினைத்துவந்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, கோவில் பெண்களின் பீடச் சங்கக் கூட்டத்தில் சொல்லியும் இருக்கிறேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆப்பிள் பை ஒன்று செய்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒட்டிலியா கதவைத் திறந்ததும் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பிச் சொன்னாள், "டெல்பர்ட், யாரு வந்திருக்காங்க பாரு. கோச்சம்மா வந்திருக்காங்க. சட்டையை மாத்திக்க."

சமையலறையில் உட்கார்ந்தோம். டெல்பர்ட் வந்து எதிரே உட்கார்ந்தான். சட்டையை மாற்றியிருந்தான், பித்தான்கள் ஓட்டை மாறியிருந்தன. குடி வாசனை இல்லை. சோப்பு வாசனைதான் வந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே தொப்பியின் ஊசியை எடுக்க வலது கையைத் தூக்கினேன். அவன் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து என் கையைப் பார்த்துச் சொன்னான்.

"ரெண்டு, கோச்."

ஒட்டிலியா சிரித்தாள். "அது அவன் எப்பவும் சொல்றதுதான். யாரு கையைத் தூக்கினாலும் ரெண்டும்பான். பாதர் ஆசீர்வாதம் குடுக்கும்போதுகூட. கோவில்ல சின்னப் பிள்ளைங்க சிரிக்கும்."

உன் கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது.

அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்து ஒரு சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தது. என் கையெழுத்து. 12 அக்டோபர் 1958.

"இதை நான் உங்களுக்குக் காட்டணும்னு ரொம்ப நாளா," என்றாள். "அந்த வாரம் என்ன ஆச்சு தெரியுமா? இவன் வீட்டுக்கு வந்து, தலை வலிக்குதும்மா, வெளிச்சம் பார்க்க முடியல, ஃபுட்பால் வேண்டாம்னு அழுதான். இருபது வயசு ஆம்பள, இந்த மேசையில தலையை வச்சு அழுதான். இவங்கப்பாவும் சரி விட்றா, வயல்ல எனக்கு ஆள் வேணும்னுட்டார். மறுநாள் உங்க கடிதாசி வருது. நான் இவனை உட்கார வச்சு உரக்கப் படிச்சேன். கோச் வீட்டுல உன்னைப் பத்தி எப்படி நினைச்சிருக்காங்க, நீ பாதியில விட்டுட்டு வர்றேன்றியேன்னு திட்டினேன். திங்கட்கிழமை திரும்பப் போயிட்டான். தங்கமான பிள்ளை. சொன்னா கேப்பான்."

அட்டையில் அந்தத் தேதி வரை நான்கு மணிகள். அதற்குப் பிறகு ஐந்து.

ஆப்பிள் பையை மூன்று பேரும் சாப்பிட்டோம். டெல்பர்ட் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னான். வீட்டுக்கு எந்தத் தெரு வழியாக நடந்து வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. கையுறை ஒன்றைத் தொலைத்துவிட்டேன். நான் எதையும் தொலைப்பவள் அல்ல.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. 1958இலா, அதற்கு அடுத்த வருடமா தெரியவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தாய்க்கு எழுதிக்கொண்டிருந்தபோது உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். வெகுநேரம் நின்றார். என்ன, எழுத்துப் பிழையா என்று கேட்டேன். "இல்ல லியோனா. நல்லா எழுதியிருக்க. அனுப்பு," என்றார்.

நான் மருத்துவர் இல்லை. எதனால் எது வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒன்பது வரை எண்ணத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

மார்லினுக்கு இப்போது எத்தனை?

அம்மா


ஹாரோ
9 அக்டோபர்

அம்மா,

அந்தக் கடிதத்தைக் களத்தில் நின்று படித்தேன். படித்துவிட்டுக் கோடு போடப் போனேன். கோடு கோணலாகப் போய்விட்டது, அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. நீங்கள் அவரை இப்படி நினைக்க ஆரம்பித்தால் எனக்கு என்று நினைத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஏழு. ஆனால் இப்போது அட்டையில் ஒன்றும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி மருத்துவர் மாறிவிட்டார். புதியவர் ஒரு பெண். இருபதாம் தேதி பழைய மாணவர் நாள் ஆட்டத்துக்கு முன் எல்லாப் பையன்களின் குறிப்பையும் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். டிபெட்ஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மார்லினின் அட்டை மேசைமேல் இருந்தது.

"இதுல காப்பிக் கறை பட்டிருக்கு பார். புதுசா ஒண்ணு எழுதிடு."

கறை எதுவும் இல்லை. நான் அட்டையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"படமெல்லாம் வேண்டாம்," என்றார். "பேரு, எடை, உயரம். அது போதும். அந்தம்மாவுக்கு மணி, கிணின்னா என்ன புரியப் போகுது?" பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "ஜனவரியில உன்னை நிரந்தரமாப் போட்றேன், தம்பி. தடுப்பாட்டக்காரங்க முழுக்க உன் பொறுப்பு. இருபத்தாறு வயசுல யாருக்குக் கிடைக்கும்? உங்கப்பாவுக்கே முப்பதுலதான் கிடைச்சுது."

எழுதிக் கொடுத்துவிட்டேன், அம்மா. மையில், என் கையெழுத்தில். பெயர், எடை, உயரம். பழைய அட்டையைக் கிழிக்கச் சொன்னார். கிழிக்கவில்லை. உங்கள் கடிதங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். ஏன் வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்லினிடம் தனியாகப் பேசினேன். "தலை எப்படிடா இருக்கு?" என்றேன். "நல்லாருக்கு கோச். எங்கம்மா இருபதாம் தேதி வர்றாங்க கோச். முதல் தடவை பார்க்க வர்றாங்க. அத்தையெல்லாம் கூட்டிட்டு வர்றாங்க," என்றான். பிறகு என் பெயர் என்ன என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் யாருக்கும் எதுவும் எழுதக் கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன். இது என் வாழ்க்கை. இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

கான்ராட்


க்ளேமோர்
15 அக்டோபர் 1979

கான்ராட்,

நீ என்னிடம் கெஞ்சியது இதுவரை இரண்டே முறை. முதல் முறை உன் ஏழாவது வயதில், ஒரு நாய்க்காக. அப்போதும் மறுத்தேன்.

முதலில் எனக்கு உரியதைச் செய்தேன். அட்டைகளில் உள்ள பையன்களின் தாய்மாரில் ஒட்டிலியா நீங்கலாக, எனக்கு முகவரி தெரிந்தவர்கள் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேருக்கும் எழுதினேன். நான் முன்பு எழுதிய கடிதம் தவறு என்றும், மணி எதைக் குறித்தது என்றும், உங்கள் மகனுக்கு எத்தனை என்றும், ஒவ்வொன்றுக்கும் தேதி என்னவென்றும். உன் அப்பாவை நான் அதில் குறை சொல்லவில்லை. நல்லவராக்கவும் இல்லை. வெர்னா வந்து, "உனக்குப் பைத்தியமா லியோனா? களத்துக்கு அத்தான் பேரை வைக்கப் போறாங்க, இப்பப் போய் இதை எழுதறியே," என்றாள். தபால்தலைகளை நனைத்துக் கொடுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே முப்பத்தொன்றையும் நனைத்தாள்.

ஒட்டிலியாவுக்கு எழுதவில்லை, நேரில் போனேன். முழுக்கக் கேட்டாள். அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. "அப்ப அவன் பொய் சொல்லலியா?" என்று மட்டும் கேட்டாள். "தலை வலிக்குதுன்னானே, அது நெசமா?" ஆமாம் என்றேன். அவள் உள் அறைக்குப் போய்விட்டாள். நான் டெல்பர்ட்டோடு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்து, சட்டத்திலிருந்து அந்தக் கடிதத்தை உருவி என் கையில் கொடுத்தாள். சட்டத்தை வைத்துக்கொண்டாள். அதில் டெல்பர்ட்டின் முதல் நற்கருணைப் படத்தைப் போடப்போவதாகச் சொன்னாள்.

அந்தக் கடிதத்தையும் டெல்பர்ட்டின் அட்டையையும் உனக்கு இத்துடன் அனுப்புகிறேன். நிலவறையில் இருப்பவை அப்பாவின் பெட்டிகள் என்றாய். பார், பென்சிலில் எழுதியது அவர். மையில் எழுதியது நான்.

அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்கிறாய். டெல்பர்ட்டுக்குத் தெரிந்திருந்தது. தன் வீட்டு மேசையில் தலையை வைத்துச் சொன்னான். அவன் சொன்னதை அடக்கப் பயன்பட்டது நல்ல காகிதத்தில் நல்ல கையெழுத்தில் எழுதிய ஒரு பக்கம். நீயும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், பெயர், எடை, உயரம் என்று. எனக்கு அப்போது மணி என்றால் என்னவென்று தெரியாது. உனக்குத் தெரியும். நம் இருவருக்கும் இடையில் வித்தியாசம் அது ஒன்றுதான். அது உனக்குச் சாதகமான வித்தியாசம் அல்ல.

நீ அனுப்பிய ஆட்டப் புத்தகத்தில் மார்லினின் ஊர் பெயர் போட்டிருக்கிறது. அவ்வளவு சிறிய ஊரில் தபால்காரருக்குப் பெயரும் ஊரும் போதும். இன்று காலை திருமதி பெக்ஸ்ட்ரோமுக்கு ஒரு கடிதம் அஞ்சலில் சேர்த்துவிட்டேன். ஏழு மணி என்றும், அவை எதைக் குறிக்கின்றன என்றும், பஸ்ஸில் அவன் மூன்று முறை கேட்ட கேள்வியையும் எழுதியிருக்கிறேன். எனக்கு இதைச் சொன்னவர் உங்கள் மகன்மேல் அக்கறை உள்ள ஒரு பயிற்சியாளர், அவர் உங்களிடம் தானே பேசுவார் என்றும் எழுதினேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் எழுதினேன்.

வியாழக்கிழமை அது அவள் கைக்குப் போகும். உனக்கு இந்தக் கடிதம் புதன்கிழமை கிடைக்கும். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. ஐயோவாவில் உள்ள முன்பின் தெரியாத ஒரு கிழவியிடமிருந்து அவள் இதை முதலில் கேட்கலாம், அல்லது உன்னிடமிருந்து கேட்கலாம். கிழிக்காமல் வைத்திருக்கும் அட்டையை அந்த மருத்துவரிடம் கொடுக்கவும் அதே ஒரு நாள் போதும். ஏன் வைத்திருக்கிறாய் என்று தெரியவில்லை என்றாய். எனக்குத் தெரிகிறது. உனக்கும் தெரியும்.

இதனால் உன் வேலை போகும். போகாது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் சந்தோஷமாக இருக்கிறது என்று நீ எழுதிய வரியை நான் மறக்கவில்லை. அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் அறை அப்படியே இருக்கிறது. போர்வையை வெயிலில் போட்டு எடுத்திருக்கிறேன்.

தொலைபேசியில் கூப்பிடாதே. தொலைபேசியில் எல்லோரும் "ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள். உன் அப்பாவும் களத்திலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அதைத்தான் சொன்னார், நானும் நம்பினேன். சனிக்கிழமை, இருபதாம் தேதி, 54ஆம் எண் களத்தில் இறங்கினானா, அவன் தாயிடம் நீ பேசினாயா, இந்த இரண்டு கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை என்று மையில் எழுதி, கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு.

அம்மா